ஊசியும் அனுமதியும்

பிறநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவனுடைய உடம்பின் மீது அந்த நாட்டுச் சர்க்காருக்கு என்றுமே ஒரு தனிச் சிரத்தை உண்டு. சிங்கப்பூரில் வேலை அனுமதி பெறப்போகும் ஊழியனுக்குக் காசநோய் உண்டா, மலேரியா உண்டா, மேகநோய் உண்டா, எச்.ஐ.வி. உண்டா என்று வந்து இறங்கியவுடன் பார்த்துவிடுகிறார்கள்; வீட்டு வேலைக்கு வந்த பெண்களையோ ஆறு மாதத்துக்கொரு முறை வைத்தியரிடம் அனுப்பி, கருவுற்றிருக்கிறார்களா என்பதையும் சோதித்து, கருவுற்றவளை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவது நெடுநாளைய வழக்கம். இந்தச் சிரத்தையில் கருணைக்கு இடம் மிகக் குறைவு என்பதையும், ஆயினும் இதனால் ஊழியனுக்கும் சில வேளைகளில் நன்மை விளைந்துவிடுகிறது என்பதையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டால்தான், 2020 முதல் 2022 வரை உலகை ஆட்டிவைத்த பெருந்தொற்றின்போது அந்நிய மண்ணில் வாழ்ந்தவர்களுக்குத் தடுப்பூசி கிடைத்த கதையையும், தடுப்பூசி கிடைத்த பின்னும் வேறொன்று கிடைக்கத் தாமதமான கதையையும் நியாயமாகச் சொல்ல முடியும்.

வழக்கம் புதியதும் அன்று. நம் பாட்டனார் காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, அதன் பிறகே கப்பலேறினார்கள். இலங்கையின் தேயிலைக் காடுகளுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே கிடக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவில், 1873 ஆம் வருஷத்துக் காலராவைக் கண்டு அஞ்சிய ஆங்கில அதிகாரிகள் மறு வருஷமே ஒரு தொற்றுத்தடுப்பு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். நம் கரையிலிருந்தும் சீனத்துத் துறைமுகங்களிலிருந்தும் வந்த ‘டெக்’ பிரயாணிகள், அதாவது கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த ஏழைகள், அந்தத் தீவில் இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, குறித்த நாட்கள் கழிந்த பின்னரே நகரத்துக்குள் விடப்பட்டார்கள். அதே கப்பலில் அறை எடுத்து வந்த கனவான்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. நோய்க்கிருமிக்கு டிக்கெட்டின் விலை தெரியாது என்பதை அக்காலத்து டாக்டர்களும் அறிந்தேயிருந்தார்கள் என்றாலும், நிர்வாகத்துக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது வருஷங்களுக்குப் பின் அதே தீவு நாட்டில், வேறு சர்க்காரின் கீழ், பன்மடங்கு செல்வமும் பன்மடங்கு நிர்வாகத் திறமையும் சேர்ந்திருந்த காலத்தில், இந்தப் பழைய பேதம் எந்த உருவத்தில் வெளிப்பட்டது என்பதே நான் இங்கே ஆராய விரும்பும் விஷயம்.

அந்த வருஷங்களில் நான் சிங்கப்பூரில் வீடமைப்புக் கழகத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தேன். வெளிநாட்டவன் என்ற ஒரே பெயரின் கீழ் அங்கே பல ஜாதிகள் உண்டு. உத்தியோகஸ்தர்களுக்கான அட்டை வைத்திருப்பவன் மனைவி மக்களை அழைத்துவந்து, வாடகை கொடுத்து, ஊர்க்காரர்களுக்கு நடுவே குடித்தனம் செய்யலாம். நடுத்தரத் தொழில் தெரிந்தவனுக்கு ‘எஸ் பாஸ்’. கட்டடம் கட்டுகிறவன், கப்பல் பழுது பார்க்கிறவன், சாக்கடை தோண்டுகிறவன் ஆகியோருக்கு ‘ஒர்க் பெர்மிட்’. மூன்றாமவனுக்கு முதலாளியே இடம் பார்த்துக்கொடுக்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் துவாஸ், சுங்கை காடுட், காக்கி புக்கிட், பொங்கோல் என்று நகரத்தின் ஓரங்களில் எழும்பி நிற்கும் தங்கும் விடுதியாக இருக்கும். ஊழியர்கள் அதை ‘டார்மிட்டரி’ என்றுதான் சொல்வார்கள். பங்களாதேஷிகளும் நம் தமிழர்களும் அங்கே மிகுதி. புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர்ப் பக்கத்துப் பேச்சை அந்த மாடிப்படிகளில் தாராளமாகக் கேட்கலாம். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில விடுதிகளில் பதினாறு, இருபது பேர் வரையிலும், இரண்டடுக்குக் கட்டில்களில் உறங்குவார்கள். குளியலறையும் அடுப்பங்கரையும் பொது.

2020 ஏப்ரல் 5 ஆம் தேதி பொங்கோலில் ஒன்றும் தோ குவானில் ஒன்றுமாக இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட பிரதேசங்களாக அறிவிக்கப்பட்டு, கிட்டத்தட்ட 20,000 ஊழியர்கள் தத்தம் அறைகளுக்குள்ளேயே இருக்கும்படி உத்தரவாயிற்று. மறு நாளே, நாட்டின் மூத்த இராஜதந்திரிகளில் ஒருவரான டாமி கோ, தம் நாடு இந்த ஊழியர்களை நடத்தும் முறை முன்னேறிய நாட்டுக்கு உரியதாக இல்லை என்றும், இந்த விடுதிகள் வெடிக்கக் காத்திருந்த குண்டு என்றும் பகிரங்கமாக எழுதினார். அவர் சொன்னது அப்படியே பலித்தது. அந்த மாதம் முடிவதற்குள் எல்லா விடுதிகளும் அடைபட்டன. நகரத்தில் எங்களுக்கு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இருந்த கட்டுப்பாடு பிறகு படிப்படியாகத் தளர்ந்து, கடைகண்ணிகள் திறந்து, முகக்கவசத்தோடு பூங்காவில் நடக்கும் நிலைமை திரும்பிவிட்டது. விடுதியில் இருந்தவர்களுக்கோ வேலைத்தலத்துக்குப் போய் வருவது மட்டுமே வெளியுலகம் என்று ஆயிற்று. அந்த வருஷக் கடைசியில் சிங்கப்பூரில் உறுதி செய்யப்பட்ட தொற்றுகள் 58,000-க்கு மேல். அவற்றில் 54,000-க்கு மேல் விடுதிகளைச் சேர்ந்தவை. இரத்தப் பரிசோதனையில் பிறகு தெரியவந்தவர்களையும் கூட்டியபோது, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 சதவிகிதத்தினரை நோய் தொட்டுப் போயிருந்தது என்று சர்க்காரே டிசம்பரில் வெளியிட்டது.

இங்கே சர்க்காருக்குச் சேரவேண்டிய புகழைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சம்பளம் நிறுத்தக்கூடாது என்று முதலாளிகளுக்குக் கட்டளை பிறந்தது. வைத்தியச் செலவு ஊழியன் தலையில் விழவில்லை. விடுதிக்கே வைத்தியர்கள் வந்தார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பவும் கைப்பேசியில் பேசவும் வழி செய்யப்பட்டது. பிரதம மந்திரி லீ சியன் லூங் தொலைக்காட்சியில் தோன்றி, தம் பிரஜைகளைப் பராமரிப்பதுபோலவே இவர்களையும் பராமரிப்போம் என்று உறுதி கூறினார். நாடு முழுவதிலும் அந்த வருஷம் கோவிட்டால் இறந்தவர்கள் 29 பேர்தாம் என்பதை நினைக்கும்போது, அந்த உறுதிமொழி பொய்க்கவில்லை என்றே சொல்லவேண்டும். நோய் கண்டவன் பெரும்பாலும் இளைஞனாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது வேறு விஷயம். முதல் வாரங்களில் விடுதிகளுக்கு வந்த பொட்டலச் சாதத்தைப் பற்றிய புலம்பல்கள் என் காதிலும் விழுந்தன. பிறகு அதுவும் ஓரளவு சீர்பட்டது.

தடுப்பூசி 2020 டிசம்பர் 30 ஆம் தேதி தொடங்கிற்று. தேசியத் தொற்றுநோய் நிலையத்துத் தாதி ஒருவர் முதலில் போட்டுக்கொண்டார்; ஒன்பது நாள் கழித்துப் பிரதம மந்திரி போட்டுக்கொண்டார். பைசர் ஊசியும் பின்னர் மாடர்னா ஊசியும், பிரஜைகளுக்கும் நாட்டில் நீண்டகால அனுமதியில் இருப்பவர்களுக்கும் இலவசம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ‘இலவசம்’ என்பதைக் காட்டிலும் ‘இருப்பவர்களுக்கும்’ என்பதுதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டணத்திலும் பள்ளிக்கூடக் கட்டணத்திலும் வீடு வாங்கும்போது கட்டும் வரியிலும் பிரஜை வேறு, நிரந்தரவாசி வேறு, அந்நியன் வேறு என்று மூன்று கணக்கு வைத்திருக்கும் ஒரு நாடு, ஊசி விஷயத்தில் மட்டும் ஒரே கணக்கு வைத்துக்கொண்டது. ஊசி போடாத ஒருவன் நடுவில் இருந்தால் போட்டவனுக்கும் க்ஷேமமில்லை என்பதை விடுதிகள் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்து, அதிலுள்ள இணைப்பின் வழியே நாளும் நேரமும் இடமும் தேர்ந்துகொண்டு, நான் போன இடம் எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றம். சாதாரண நாட்களில் பூப்பந்து ஆடும் கூடம்; தரையில் ஆட்டக் கோடுகள் அப்படியே இருக்க, அவற்றின் மேல் நாற்காலிகளை இரண்டு கஜ இடைவெளியில் நிறுத்தியிருந்தார்கள். வாசலில் கைப்பேசியையோ கழுத்தில் தொங்கும் டோக்கனையோ கருவியில் காட்டி நுழைய வேண்டும். ஒவ்வாமை உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்ற கேள்விகளை எனக்கு முன்னே இருந்த சீனப் பாட்டியிடம் ஹொக்கியன் பாஷையில் கேட்ட தொண்டர், என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்து மேஜைக்குக் கையைக் காட்டினார். அங்கிருந்த தமிழ்ப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. “சாப்பிட்டுட்டு வந்தீங்களா அங்கிள்?” என்றுதான் முதலில் கேட்டாள். ஊசி குத்தியதே தெரியவில்லை. பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று புறப்படும் நேரத்தைக் குறித்த ஒரு சீட்டைத் தந்தார்கள். எனக்கு வலப்புறம் ஒரு வங்கி அதிகாரி போல் தோன்றியவர், இடப்புறம் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பணிப்பெண் ஒருத்தி, அவளுக்கு அப்பால் அவள் வீட்டு எஜமானியம்மாள்; அனைவருக்கும் அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே அரை மணி நேரம். சிங்கப்பூரில் நான் வாழ்ந்த காலத்தில் அட்டையின் நிறம் முற்றிலும் மறந்துபோன இடம் அதுவொன்றே என்று தோன்றுகிறது.

வரிசையில் பேதமே இல்லை என்று சொல்லவும் முடியாது. 12 முதல் 39 வயது வரையுள்ளவர்களுக்கு 2021 ஜூன் 11 ஆம் தேதி பதிவு திறந்தபோது முதலில் பிரஜைகளுக்கே திறந்தது. அதே வயதுள்ள நிரந்தரவாசிகளும் மற்றவர்களும் ஜூலை 2 வரை பொறுத்திருக்க நேர்ந்தது. எங்கள் கட்டடத்தில் இருந்த இளம் தம்பதியர் இதைப் பெரிய அவமானமாகப் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரி செலுத்தி, இரண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவையும் செய்கிற ஊர்ப் பிள்ளைக்கு மூன்று வாரம் முன்னுரிமை கொடுப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. நம் தேசத்தில் தங்கியிருந்த அந்நியர்கள் கோவின் என்னும் ஊசிப் பதிவுத் தளத்தில் பெயர் பதிந்துகொள்ள 2021 ஆகஸ்டு 9 ஆம் தேதி வரை வழியில்லாதிருந்தது என்பதை அந்தத் தம்பதியருக்கு ஞாபகப்படுத்தினேன். பேச்சு அதோடு நின்றது.

விடுதிகளில் ஊசி போடும் காரியம் 2021 மார்ச்சில், முன்பு நோய் காணாத 10,000 ஊழியர்களிலிருந்து ஆரம்பமாகி, பிறகு எல்லோருக்குமாக விரிந்தது. அவர்களுக்கு உரிய பொழுதுபோக்கு நிலையங்களிலேயே தமிழிலும் வங்காளியிலும் விளக்கம் சொல்லிப் போட்டார்கள். ஊசி போட்ட இளம் ஆடவர்கள் ஒரு வாரத்துக்கு உடலை வருத்தும் காரியங்களைச் செய்யலாகாது என்று ஜூலையில் வைத்திய நிபுணர் குழு புத்தி கூறிற்று. அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறவனுக்கு அது ஒரு வாரம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகாதிருப்பதோடு முடிந்தது. கம்பி கட்டுவதையும் சாரம் ஏறுவதையுமே ஜீவனமாகக் கொண்டு, நாளொன்றுக்கு 18, 20 வெள்ளி அடிப்படைக் கூலியும் அதன் மேல் மிகைநேரக் கூலியும் வாங்கி ஊரில் வட்டி கட்டுகிறவனுக்கு அது எவ்வளவு தூரம் சாத்தியமாயிற்று என்பது அவனவனுடைய முதலாளியின் குணத்தைப் பொறுத்ததாக இருந்திருக்கும்.

எப்படியாயினும் ஊசி போட்டுக்கொள்வதில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆகஸ்டு 29 ஆம் தேதி நாட்டு ஜனங்களில் 80 சதவிகிதத்தினர் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டுவிட்டதாகச் சுகாதார மந்திரி பெருமையோடு அறிவித்தார். விடுதிகளில் அந்த விகிதம் செப்டம்பரில் 90-ஐத் தாண்டியிருந்தது. ஊசி போட்டவர்கள் ஐந்து பேராகச் சேர்ந்து ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஆகஸ்டு 10 ஆம் தேதி முதல் எங்களுக்கு அனுமதி கிடைத்தது. நானும் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், வாழையிலைக்கு முன் உட்கார்ந்தேன். கடை வெறிச்சென்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியாவை, நிறைத்து, கைப்பேசிக்குக் காசு போட்டு, முஸ்தபா கடையில் சோப்பும் சாக்லேட்டும் வாங்கி, வீரமாகாளியம்மன் கோயிலில் விபூதி இட்டுக்கொண்டு, புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் அந்தப் பல்லாயிரவரில் ஒருவரும் அங்கில்லை. அதே ஊசியை, பலர் எனக்கு முன்பே, போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

அவர்களுடைய வெளியுலகத்தை ஒரு கைப்பேசிச் செயலி நிர்ணயித்தது. அதில் பச்சை நிறம் தோன்றினால் வேலைக்குப் போகலாம். சிவப்புத் தோன்றினால் அறையைவிட்டுப் போகலாகாது. காலையிலும் மாலையிலும் உடம்புச் சூட்டைப் பதிய வேண்டும். பதினான்கு நாளைக்கொரு முறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் ஒரு தம்பி, எனக்கு நெடுநாள் பழக்கம், தன் கைப்பேசியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். ஊசி முடிந்தது என்பதற்கு அதில் அடையாளம் இருந்தது, பச்சையும் இருந்தது. “ரெண்டு ஊசியும் போட்டாச்சுண்ணே. சைட்டுக்கு விடுறாங்க, தேக்காவுக்குத்தான் விட மாட்டேங்குறாங்க” என்று எழுதியிருந்தான். லாரியின் பின்புறத்தில் இருபது பேரோடு தோளுரச அமர்ந்து வேலைத்தலத்துக்குப் போகையில் ஒட்டாத நோய், அங்காடியில் தேங்காய் வாங்குகையில் ஒட்டிவிடுமோ என்று அவன் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

செப்டம்பர் 13 ஆம் தேதி முதல் ஒரு பரீக்ஷை தொடங்கிற்று: வாரத்துக்கு 500 பேர், ஊசி போட்டவர்கள் மட்டும், முன்கூட்டிப் பரிசோதனை செய்துகொண்டு, லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் சில மணி நேரம் போய் வரலாம். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வாரத்துக்கு ஐந்நூறாக வகுத்துப் பார்த்தால், ஒவ்வொருவரும் ஒரு தடவை தேக்காவைக் கண்டு வருவதற்கே பதினோரு வருஷத்துக்கு மேலாகும். அந்த வேகம் நிலைக்கவில்லை. அக்டோபர் 30 முதல் நாளொன்றுக்கு 3,000 பேர் என்று உயர்ந்து, மறு வருஷம் மேலும் பெருகி, 2022 ஜூன் 24 ஆம் தேதி வெளியே போக அனுமதி கேட்கும் அவசியமே பொதுவாக நீங்கிற்று. அப்போதும் ஞாயிறன்றும் விடுமுறை தினங்களிலும் லிட்டில் இந்தியா, சைனா டவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போகத் தனிச் சீட்டு வேண்டியிருந்தது. 2013 டிசம்பர் 8 ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தை அறிந்தவர்களுக்கு, இந்தப் பட்டியலைத் தயாரித்த கை நோயை மட்டும் நினைத்துத் தயாரித்ததா என்று சந்தேகம் எழுவது இயற்கை.

சர்க்காரின் வாதத்தையும் கேட்போம். ஓர் அறையில் ஒருவனுக்கு வந்தால் பன்னிரண்டு பேருக்கும் வரும். விடுதியில் ஒருவனுக்கு வந்தால் ஆயிரம் பேருக்கு வரும். ஆகையால் அவர்களைக் காக்கவே அடைத்து வைத்தோம் என்பது அந்த வாதம். 2020-இல் அது மறுக்க முடியாத வாதமாக இருந்தது. அப்போது ஊசி இல்லை. பாதிப் பேரை நோய் தொட்டுப்போய், பத்தில் ஒன்பது பேர் ஊசியும் போட்டுக்கொண்ட பின், நாட்டிலேயே அதிகமாக எதிர்ப்புச் சக்தி பெற்ற கூட்டத்தைத்தான் நாட்டிலேயே அதிகமாக அடைத்து வைத்திருந்தார்கள் என்ற உண்மைக்கு முன் அந்த வாதம் நிற்கவில்லை. அறை நெருக்கம்தான் ஆபத்தின் காரணம் என்றால் பரிகாரம் அறையை விரிவாக்குவது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாதென்று 2021 செப்டம்பரில் விதி வந்ததை நான் வரவேற்கிறேன். விரியும் வரையில் வாசலைச் சாத்திவைப்பது, முதலாளியும் விடுதிக்காரரும் செய்த குற்றத்துக்கு உள்ளே உறங்குகிறவனைத் தண்டிப்பதாகும்.

நாட்டெல்லையின் வாசல் இதைவிடக் கடினமாக இருந்தது. 2021 ஏப்ரலில் நம் நாட்டில் இரண்டாம் அலை மூண்டதும், அம்மாதம் 24 ஆம் தேதி முதல் இந்தியாவிலிருந்து பிரஜையும் நிரந்தரவாசியும் தவிர வேறு யாரும், நீண்டகால அனுமதி வைத்திருந்தாலும், சிங்கப்பூருக்குள் வரலாகாது என்று தடை போடப்பட்டது. அக்டோபர் கடைசி வரையில் அது நீடித்தது. புறப்பட்டுப் போவதை யாரும் தடுக்கவில்லை. போனால் திரும்ப முடியாது, அவ்வளவுதான். அந்த மே மாதத்தில்தான் மேற்சொன்ன தம்பியின் தகப்பனார் புதுக்கோட்டையில் பிராணவாயு வேண்டிக் கிடந்து இறந்தார். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனில் இன்னும் பாதி பாக்கி. போய்த் திரும்பாவிட்டால் கடன் அடைய வழியில்லை, வீட்டில் அடுத்துச் சம்பாதிக்கிறவர்களும் இல்லை. அறைக்குள் சிக்னல் கிடைக்காமல் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு, தம்பி முறையான சித்தப்பா பிள்ளை கொள்ளி வைப்பதைக் கைப்பேசியில் பார்த்தான் என்று அவனுடைய அறைத்தோழன் எனக்குச் சொன்னான். மறு நாள் காலை ஆறு மணி லாரியில் அவன் வேலைக்குப் போனான். தலை மழித்துக்கொள்ள விடுதிக்குள்ளேயே ஆள் இருந்தது ஓர் உபகாரம். நவம்பர் 29 ஆம் தேதி ஊசி போட்டவர்களுக்கென்று சென்னை, மும்பை, டில்லியிலிருந்து விமான வழி திறந்தபோது, அந்த விமானங்களில் ஏறியவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற அட்டைக்காரர்களே.

வளைகுடாவுக்குப் போகிறவர்களின் சங்கடம் வேறு மாதிரி. விடுமுறையில் ஊருக்கு வந்து அகப்பட்டுக்கொண்டவன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று, கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்டான்; அது கோவாக்சினாக இருந்துவிட்டால் சவூதி அரேபியா ஒப்புக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினுக்கு அவசரகால அங்கீகாரம் கொடுத்தது 2021 நவம்பர் 3 ஆம் தேதி. அதற்குள் எத்தனையோ பேருடைய விசா காலாவதியாகும் தறுவாய்க்கு வந்துவிட்டது. மூன்றாவதாகக் கோவிஷீல்டு போட அனுமதி வேண்டும் என்று சவூதியில் வேலை செய்யும் ஒருவர் கேரள உயர்நீதிமன்றத்தின் படியேறினார். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகஸ்டு 5 ஆம் தேதி இந்தியாவிலிருந்து தன் வாசிகளைத் திரும்ப அனுமதித்தபோது, அங்கேயே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் பொதுவாக அந்தச் சலுகை கிடைத்தது. இங்கே போட்டுக்கொண்டவன் காத்திருந்தான். டில்லி சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களுக்கும் ஒலிம்பிக் வீரர்களுக்கும் கோவிஷீல்டின் இரண்டாம் ஊசியை 84 நாள் பொறுக்காமல் 28 நாளிலேயே போடலாம் என்று ஜூனில் வழி செய்தது. சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் ஏற்பாடாயிற்று. ஆனால் செப்டம்பரில் பிரிட்டன், கோவிஷீல்டை ஒப்புக்கொண்டும் இந்தியச் சான்றிதழை ஒப்புக்கொள்ளாமல் நம்மவர்களைத் தனிமைப்படுத்தியபோது, டில்லிக்கு வந்த கோபமே வேறு. அக்டோபர் 4 ஆம் தேதி முதல் இங்கே வரும் ஆங்கிலேயர்களுக்கும் பத்து நாள் தனிமை என்று பதிலடி கொடுத்தது. ஒரு வாரத்தில் லண்டன் இறங்கிவந்தது. லண்டனுக்குப் போகும் மாணவனுக்காகவும் வியாபாரிக்காகவும் பொங்கிய அந்த ரோஷம், ரியாத்துக்குப் போகும் கொத்தனாருக்காக ஒரு நாளும் பொங்கியதாக நான் காணவில்லை.

சிங்கப்பூர் விடுதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நம் ஊரைக் காணாமல் இருப்பதும் சரியன்று. 2020 மார்ச் 25 ஆம் தேதி நாடு முழுவதும் அடைபட்டபோது, திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் தகரக் கொட்டகைகளில் இருந்த பீகாரி, ஒடியத் தொழிலாளிகளுக்குச் சம்பளம் நிறுத்தக்கூடாது என்ற உத்தரவு எவ்வளவு தூரம் நிறைவேறிற்று, எத்தனை பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வகையில் சிங்கப்பூர் நம்மைவிடப் பல மடங்கு மேல். அதனால்தான் அந்த நாட்டின் குறையைப் பேசுவதில் பயன் இருக்கிறது. திறமையும் செல்வமும் நல்லெண்ணமும் உள்ள சர்க்காரே ஊழியனுடைய உடம்பைக் காப்பாற்றிய கையோடு அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவைத்துக்கொண்டது என்றால், இவை குறைவாக உள்ள இடங்களில் அவன் கதி என்ன என்பதை நாம் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 12 ஆம் தேதியை அயலகத் தமிழர் தினம் என்று நம் மாநில சர்க்கார் கொண்டாடுகிறது. வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கான சட்டம் 2011-லேயே நிறைவேறியும், அதன்படி வாரியம் உருப்பெறப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. இப்போது அது இருக்கிறது. அந்த விழா மேடையில் தொழிலதிபர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதில் எனக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் வாரியம் டில்லியின் மூலமாகச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. தொழிலாளர்களை ஏற்கும் நாடுகளோடு இனிச் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளில், தொற்றுநோயின் பேரால் விதிக்கப்படும் எந்தக் கட்டுப்பாடும் ஒருவனுடைய உடல்நிலையையும் ஊசியையும் பொறுத்து இருக்கவேண்டுமே அல்லாமல் அவனுடைய வேலை அனுமதியின் தரத்தைப் பொறுத்து இருக்கலாகாது என்றும், ஒரு நாட்டின் சுகாதாரத் துறை கொடுத்த ஊசிச் சான்றிதழை மற்றொன்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், தாய் தந்தை இறந்தால் ஊருக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு அவன் இடம் காத்திருக்க வேண்டும் என்றும் மூன்று ஷரத்துகளைச் சேர்க்கும்படி அது வற்புறுத்த வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வந்த பிறகு இவற்றைக் கேட்டுப் பயனில்லை. அந்த ஷரத்துகள் எழுதப்படும் நாள் வரையில், பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்புகிற பெற்றோர்கள், ஊசியின் பெயரும் தேதியும் சான்றிதழில் சரியாக இருக்கின்றனவா, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் அப்படியே அதில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.